ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மணிக்கூடு வைத்தார்கள்

எனக்கு ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரைதான் அண்ணை இருக்கிறார். மற்ற மாதங்களில் அவருடைய தொலைபேசி இலக்கம்தான் இருக்கிறது. பகிடிக்குச் சொல்லவில்லை. அவர் அண்ணியோடு நகரத்தின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் சொந்த வீட்டில் இருக்கிறார். நான் நகரத்துக்குள்ளேயே, கோட்-டெ-நெய்ஜில், வேலை செய்யும் மருத்துவமனைக்கு நடந்தே போகக்கூடிய ஒரு மாடிக் குடியிருப்பில் தனியே இருக்கிறேன். காரில் வந்தால் பெரிய தூரமில்லை. ஆனாலும் குளிர்காலம் முழுவதும் மாதா கோவில் வாசலில் கண்டால், "எப்பிடி, சுகமோ?" என்று அவர் கேட்பார். "ஓம், இருக்கிறன்" என்று நான் சொல்வேன். அதோடு அவரவர் பாட்டில் போய்விடுவோம்.

பேஸ்போல் தொடங்கிவிட்டால் நிலைமை மாறிவிடும். பூசை முடிந்து வெளியே வந்ததும் அண்ணை காரின் பக்கக் கதவைத் திறந்து, "ஏறு, மட்ச் தொடங்கப்போகுது" என்பார். வருகிறாயா என்று அவர் கேட்பதில்லை, வருகிறேன் என்று நானும் சொல்வதில்லை. அண்ணி சமைத்து வைத்திருப்பதைச் சாப்பிட்டுவிட்டு, முன்னறையில் இருக்கும் நீளச் செற்றியில் ஆளுக்கொரு மூலையில் உட்காருவோம். ஆட்டம் முடிந்ததும் அண்ணை கார்ச் சாவியை எடுப்பார். என்னைக் கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். பிறகு அடுத்த ஞாயிறு.

ஆட்டம் ஓடும்போது கதை வரும். வேறெந்த நேரத்திலும் எங்களுக்குக் கதை வராது. பந்து எறிபவன் ஒரு பந்தை எறிந்துவிட்டு அடுத்ததை எறிவதற்குள் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போடுவான், காலால் மண்ணைக் கிளறுவான், வானத்தைப் பார்ப்பான். அந்த இடைவெளியில்தான் அண்ணை, "உன்ரை முழங்கால் நோ இப்ப எப்பிடி?" என்று கேட்பார். நான் பதில் சொல்லி முடிக்க அடுத்த பந்து வரும். பந்து வந்துவிட்டால் அந்தக் கதையைத் தொடரத் தேவையில்லை. தொடர விரும்பினால் அடுத்த இடைவெளி இருக்கிறது. எங்கள் ஐயா செத்தபோது இருவராலும் ஊருக்குப் போக முடியவில்லை. அந்தக் கதையைக்கூட நாங்கள் ஒரு கோடை முழுவதும், பந்துக்குப் பந்து விட்டு விட்டு, யாரும் யாருடைய முகத்தையும் பார்க்காமல்தான் கதைத்து முடித்தோம். நேருக்கு நேர் இருந்து கதைத்திருந்தால் இருவரில் ஒருவர் எழும்பிப் போயிருப்பார்.

நான் இந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டது ஒரு உணவகத்தின் பின்கட்டில். வந்த புதிதில் அங்கே கோப்பை கழுவினேன். சமையல்காரர் ஒரு கியூபெக்வாசி. வானொலியில் பிரெஞ்சு வர்ணனையைப் போட்டுவிட்டு, எனக்கும் சேர்த்துக் கத்துவார். நான் பிரெஞ்சில் இலக்கம் எண்ணப் பழகியதே அந்த வர்ணனையில்தான். அப்போது இந்த நகரத்துக்கென்று சொந்தமாக ஒரு அணி இருந்தது. பிறகு அது மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. அணி போனாலும் பழக்கம் போகவில்லை. இப்போது ரிவியில் யார் விளையாடினாலும் பார்ப்பேன்.

ஒரு வருடம், ஆட்டம் நீண்டுபோகிறது, இளம் ஆட்களுக்கு அலுக்கிறது என்று சொல்லி, மைதானத்தில் ஒரு மணிக்கூட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். தளங்களில் ஓடக் காத்து யாரும் நிற்காவிட்டால், எறிபவன் பதினைந்து விநாடிக்குள் அடுத்த பந்தை எறிந்துவிட வேண்டும். பிந்தினால் தண்டனை. அடிப்பவனும் நேரத்துக்குத் தயாராக நிற்க வேண்டும். அதற்கு முன்னமே, ஒன்பது சுற்று முடிந்தும் சமநிலை என்றால், அடித்து ஓடிச் சேராத ஒருவனைச் சும்மா கொண்டுபோய் இரண்டாம் தளத்தில் நிறுத்திவைக்கும் கூத்து ஒன்றும் வந்துவிட்டது. யாரோ உழைக்க வேண்டியதை இனாமாகக் கொடுத்து, சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்கிறார்கள். இவ்வளவும் போதாதென்று இன்னும் பல யோசனைகள் காற்றில் அலைந்தன. நடுவரின் வேலையை இயந்திரத்திடம் கொடுக்கலாமா, ஒன்பது சுற்றை ஏழாக்கலாமா என்று ஆளாளுக்கு எழுதிக் குவித்தார்கள். வாசிக்க வாசிக்க எனக்கு வயிறு எரிந்தது.

முன்பு ஒன்றரைக்குத் தொடங்கும் ஆட்டம் ஐந்து மணி வரை இழுக்கும். இப்போது நாலு மணிக்கே அண்ணையின் கை கார்ச் சாவிக்குப் போனது. நாலரைக்கு நான் என் அறையில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்பேன். ஞாயிறு மாலை நாலரைக்கு ஒரு தனி ஆள் என்ன செய்வது? உடுப்புத் தோய்க்கலாம், தெரு மூலைத் தெப்பனர்க் கடைக்குப் போய்ப் பால் வாங்கலாம். அவ்வளவுதான். அந்த மணிக்கூடு எனக்குக் கிடைத்த அண்ணையில் ஒரு மணித்தியாலத்தைப் பிடுங்கிக்கொண்டது. என் கோபம் முழுவதும் அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான்.

ஆனால் இதை யாரிடம் சொல்வது? அறுபதை நெருங்கும் ஆம்பிளை, அண்ணையோடு இருக்க நேரம் போதவில்லை என்று சொன்னால் சிரிக்கமாட்டார்களா? அதனால் நான் பேஸ்போலுக்காக வாதாடினேன். வேலையிடத்தில் வாதாடினேன், கோவில் வாசலில் வாதாடினேன். அண்ணையிடமும் வாதாடினேன். "இது விளையாட்டைக் கொல்லுற வேலை அண்ணை" என்றால், அவர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "கெதியா முடியிறதும் நல்லதுதானே" என்பார். எனக்கு அது பிடிக்காது. ஏன் நல்லது, யாருக்கு நல்லது என்று கேட்க வாய் வரும். அதற்குள் அடுத்த பந்து வந்துவிடும்.

இந்த நிலையில்தான் எங்கள் தமிழ்ப் பங்கின் கோடை ஒன்றுகூடல் வந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒன்றுகூடல் என்றால் பட்டிமன்றம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஏதோ கறிக்கு உப்புப் போடாததுபோல் முகத்தைச் சுளிப்பார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரே தலைப்பு: குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா, மனைவியா? ஒவ்வொரு வருடமும் மனைவிதான் வெல்வார். அந்த முறை செயற்குழுவில் யாரோ, இப்படியே போனால் பிள்ளைகள் மண்டபத்துப் பக்கமே வரமாட்டார்கள், அவர்களுக்கு விளங்கும் தலைப்பாக வைப்போம் என்று சொல்லியிருக்கிறார். பேஸ்போலுக்குக் கொண்டுவரும் விதிமாற்றங்களைப் பற்றி நான் எல்லாரையும் பிடித்து வைத்து அறுத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தலைப்பு அவர்களுக்கு என்னிடமிருந்துதான் கிடைத்திருக்க வேண்டும்.

"பேஸ்போல் ஆட்டத்தை விரைவுபடுத்தும் விதிமாற்றங்கள் ஆட்டத்தை வாழவைக்குமா, கெடுக்குமா?" இதுதான் தலைப்பு. பட்டிமன்றப் பொறுப்பாளர் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கெடுக்கும் என்ற அணிக்கு நான் தலைவர். வாழவைக்கும் என்ற அணிக்குத் தலைவர் யார் என்று கேட்டேன்.

"வேற ஆர், உங்கட அண்ணைதான். பங்கிலை மட்ச் பாக்கிற ஆக்கள் எண்டால் நீங்கள் ரெண்டுபேரும்தானே. அண்ணன் தம்பி மோதல் எண்டு போட்டால் சனம் விழுந்தடிச்சு வரும்" என்றார்.

நான் ஆயத்தம் செய்தேன். வேலையிலிருந்து வந்து சாப்பிட்டும் சாப்பிடாமலும் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். மற்ற விளையாட்டெல்லாம் மணிக்கூட்டுக்கு அடிமை, இது ஒன்றுதான் தன் வேலை முடியும் வரை நடக்கும் விளையாட்டு என்று தொடங்குவதாக எண்ணம். நான் மருத்துவமனையில் பிரெபோசே. நோயாளிகளைக் கழுவுவது, துடைப்பது, தூக்குவது, சக்கர நாற்காலியில் தள்ளுவது எல்லாம் நேரம் பார்த்து ஓடியபடி செய்கிற வேலை. கிழமை முழுக்க ஓடுகிறவனுக்கு, ஓடத் தேவையில்லாத ஒன்றைப் பார்க்கவாவது கொடுத்துவைக்கக்கூடாதா என்று கேட்கவும் நினைத்திருந்தேன். அண்ணை என்ன ஆயத்தம் செய்தார் என்று தெரியாது. பட்டிமன்றத்துக்கு முந்திய ஞாயிறு கேட்டபோது, "அது அந்த நேரம் வரும்" என்றார்.

சனிக்கிழமை பின்னேரம், கோவிலுக்குக் கீழே உள்ள மண்டபம். யாருக்காகத் தலைப்பை மாற்றினார்களோ அந்தப் பிள்ளைகள் ஒருவர்கூட உள்ளே இல்லை. வெளியே வாகனத் தரிப்பிடத்தில் நின்று பிரெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் பேஸ்போல் மட்டையைக் கையால் தொட்டறியாத பெரியவர்கள். அவர்கள் ரோல்ஸையும் பற்றிஸையும் கடித்துக்கொண்டு, மனைவிமார் வெல்லப்போகும் வழக்கமான பட்டிமன்றம் என்றே நினைத்து வந்திருந்தார்கள். அண்ணி இரண்டாவது வரிசையில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

நடுவர் வருடா வருடம் இருக்கிற அதே ஆள்தான். அவருக்கு மைக்கைக் கையில் கொடுப்பது இலகு, திருப்பி வாங்குவதுதான் கஷ்டம். பேஸ்போலுக்கும் எங்கள் ஊர்க் கிளித்தட்டு விளையாட்டுக்கும் உள்ள ஒற்றுமை பற்றிப் பேசினார். காலம் பொன்னானது என்பது பற்றிப் பேசினார். காலத்தைப் பற்றிப் பேசியே எங்கள் காலத்தில் பாதியைத் தின்றுவிட்டார். அதனால் பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் என்று சொல்லியிருந்ததை அந்த இடத்திலேயே ஐந்தாகக் குறைத்தார்கள். பொறுப்பாளர் மேசையில் ஒரு மணியோடு உட்கார்ந்தார். நேரம் முடிந்தால் அதை அடிப்பார்.

நான் எழுந்து போனேன். வணக்கத்துக்கு உரிய பங்குத்தந்தை, நடுவர், எதிரணித் தலைவரான என் அண்ணன் என்று எல்லாரையும் அழைத்து முடிக்கவே ஒரு நிமிடம் போய்விட்டது. அப்படி அழைக்காவிட்டால் ஏசுவார்கள். பிறகு விதிகளை விளக்க வேண்டியிருந்தது. இரண்டாம் தளம் என்றால் என்ன என்று ஒரு அக்கா முன்வரிசையிலிருந்தே கேட்டார். அதை விளக்கினேன். இனித்தான் என் பேச்சு என்று மூச்சை எடுத்து, "இந்த உலகத்தில் மணிக்கூடு இல்லாத ஒரே ஒரு விளையாட்டு" என்று தொடங்கினேன். மணி அடித்தது.

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன். உள்ளுக்குள் அந்த மணியைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. இன்னும் ஒரு நிமிடம் தாருங்கள் என்று கேட்டேன். "விதி விதிதான்" என்று நடுவர் சொல்ல, அதற்கும் சிரித்தார்கள். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்ததெல்லாம் வயிற்றுக்குள்ளேயே கிடக்க, போய் உட்கார்ந்தேன்.

அண்ணை வந்தார். யாரையும் பெயர்முறையாக அழைக்கவில்லை. "எல்லாருக்கும் வணக்கம்" என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டு நேரே தொடங்கினார். அவர் பேசியதில் பேஸ்போல் பற்றி ஒரு சொல் இல்லை. பந்தும் இல்லை, மட்டையும் இல்லை, தளமும் இல்லை. பூசை நீண்டால் பிள்ளைகள் நெளிவதைச் சொன்னார், கலியாண வீட்டில் சோறு பிந்தினால் வரும் சண்டையைச் சொன்னார். சனம் கை தட்டியது. எனக்கு ஆத்திரம் வந்தது. தலைப்பை விட்டு விலகுகிறார் என்று கையை உயர்த்தினேன், நடுவர் கவனிக்கவில்லை. கடைசியில் அண்ணை என் பக்கம் திரும்பி, கையை நீட்டி, ஊர்ப் பேச்சிலேயே சொன்னார்.

"முந்தியெல்லாம் மட்ச் முடிய ஐஞ்சு மணி. வந்தவரைக் கொண்டுபோய் விட்டிட்டு வர ஆறு மணி. இந்த மணிக்கூடு வந்தாப்பிறகுதான் எங்கட வீட்டிலை ஞாயிற்றுக்கிழமை எண்டு ஒரு நாள் திரும்பி வந்திருக்கு. இது ஆட்டத்தை வாழவைக்குதோ தெரியாது, எங்களை வாழவைக்குது!"

சிரிப்பு ஓயவே இல்லை. பின்வரிசையில் ஒருவர் விசில் அடித்தார். பங்குத்தந்தைகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? மேடையில் இருக்கிறவன் சிரிக்காவிட்டால் அது இன்னும் பெரிய பகிடியாகிவிடும். அப்போது இரண்டாவது வரிசையைப் பார்த்தேன். அந்த மண்டபத்தில் சிரிக்காமல் இருந்தவர் அண்ணி மட்டும்தான். கைப்பையின் பட்டியைக் கையில் சுற்றிக்கொண்டு குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெறும் பகிடி என்றால் அண்ணியும் சிரித்திருப்பார். அவர் குனிந்ததில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் கதை மேடையில் பிறந்த கதை அல்ல. ஏற்கெனவே அந்த வீட்டில், நான் இல்லாத நேரத்தில், யாரோ யாருக்கோ சொன்ன கதை. நான் போய் உட்காரும் ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எனக்குக் காது சுட்டது. அதன் பிறகு மற்றப் பேச்சாளர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

நடுவர் தீர்ப்புச் சொன்னார். வேகமும் வேண்டுமாம், நிதானமும் வேண்டுமாம். இரண்டும் சேர்ந்ததுதான் வாழ்க்கையாம். இதைச் சொல்லவா இத்தனை பேரைக் கூட்டினீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கீழே இறங்கியதும் ஆட்கள் வந்து முதுகில் தட்டினார்கள். "அண்ணனும் தம்பியும் கலக்கிப்போட்டியள்" என்றார்கள். அண்ணை கையில் தேத்தண்ணியோடு வந்து, "என்னடா, நல்லா இருந்ததோ?" என்று கேட்டார். "ஓம், நல்லா இருந்தது" என்றேன். வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். எனக்கு வேறொருவரோடு போகவேண்டியிருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு மெட்ரோவில் வந்தேன்.

மறுநாள் பூசைக்குப் போகக்கூடாது என்று நினைத்தேன். போனேன். பூசை முடிந்து மற்றக் கதவால் வெளியேற வேண்டும் என்று நினைத்தேன். அண்ணையின் கார் அந்தப் பக்கம்தான் நின்றது. "ஏறு" என்றார். முன் இருக்கையில் அண்ணி இருந்தார், "ஏன் நிக்கிறியள், ஏறுங்கோ தம்பி" என்றார். ஏறினேன். எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

அன்று ஆட்டம் ஓடிப் பறந்தது. எறிபவன் பந்தைக் கையில் வாங்கியதும் எறிந்தான். தொப்பியைத் தொடக்கூட நேரமில்லை. அண்ணை ஒருமுறை, "நேற்று..." என்று தொடங்கினார். பந்து வந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். அடுத்த இடைவெளியில் மறுபடி தொடங்குவார் என்று பார்த்தேன். இடைவெளி இருந்தால்தானே. ஏழாவது சுற்றின்போது மணி மூன்றரைதான். இன்னும் அரை மணித்தியாலம் இருந்து, அவர் கை சாவிக்குப் போவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. நானே எழும்பினேன்.

"வேலை ஒண்டு இருக்கு. போட்டு வாறன்."

"இன்னும் முடியேல்லையே. பொறு, கொண்டுபோய் விடுறன்."

"வேண்டாம் அண்ணை, பஸ் இருக்கு."

அவர் மறிக்கவில்லை. நான் வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, படியில் இறங்கினேன். வெக்கைக்கு முன்னறை யன்னல் திறந்திருந்தது. வர்ணனையாளரின் குரல் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. நான் கடைசிப் படியில் கால் வைக்கக்கூட இல்லை, அதற்குள் குரல் நின்றுவிட்டது. ரிவியை நிறுத்திவிட்டார்.

இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் ஆட்டம், இரண்டாம் தளத்தில் ஒருவன் நிற்கிறான், ஏழாவது சுற்று. விளையாட்டில் கொஞ்சமாவது ருசி உள்ளவன் அந்த இடத்தில் ரிவியை நிறுத்துவானா? அங்கேயே நின்றுவிட்டேன். எத்தனை வருடம்? எத்தனை கோடை? என் பக்கத்தில் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்த மனுசன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்? எனக்கு மூக்கு நுனி வரை கோபம் வந்தது. திரும்பி ஏறி மணியை அழுத்தினேன். கதவைத் திறந்த அண்ணை, "என்ன, எதையும் விட்டிட்டியோ?" என்றார்.

"உங்களுக்கு பேஸ்போல் பிடிக்காதோ?"

"ஆர் சொன்னது?"

"நான் போன கையோட நிப்பாட்டிப்போட்டியள்."

அவர் என்னைப் பார்க்காமல் கதவுப் பிடியைப் பார்த்தார். "பிடிக்கிறது பிடிக்காதது எண்டில்லை. உது எனக்கு விளங்கிறேல்லையடா."

"இவ்வளவு வரியமுமோ?"

"இண்டைக்கும் விளங்கேல்லை. ஏன் ஓடுறாங்கள், ஏன் நிக்கிறாங்கள் ஒண்டும் தெரியாது. நீ கத்தினால் நல்லது நடந்திட்டுது எண்டு நினைப்பன்."

"அப்ப ஏன் ஒவ்வொரு கிழமையும் கூட்டிக்கொண்டு வாறனீங்கள்?"

"நீ சும்மா கூப்பிட்டா வரமாட்டாய். வேலை இருக்கு எண்டுவாய். மட்ச் எண்டால்தான் வருவாய்."

அவருக்கு மூன்று மணித்தியாலம் விளங்காத ஒன்றைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் நினைத்தேன். மணிக்கூடு வந்தது நல்லது என்று அவர் சொன்னதும் விளங்கியது. விளங்கியும் என் கோபம் தணியவில்லை, கூடித்தான் போனது. பிடிக்காவிட்டால் சொல்லியிருக்கலாமே. ரிவியை நிறுத்திவிட்டு என்னோடு இருந்திருக்கலாமே. "உள்ளுக்கு வாறன். ரிவி வேண்டாம். சும்மா கதைச்சுக்கொண்டு இருப்பம்" என்றேன். சண்டைக்கு அழைப்பதுபோல்தான் சொன்னேன்.

மறுபடி அதே செற்றியில், அதே மூலைகளில் உட்கார்ந்தோம். முன்னால் கறுத்துப்போன திரை. அண்ணை இருமினார். நான் முழங்காலைத் தடவினேன். சமையலறையில் அண்ணி குழாயைத் திறந்தார், மூடினார். வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் சொன்னதைப் பற்றி அவர் சொல்வார் என்று நான் இருந்தேன். நான் கேட்பேன் என்று அவர் இருந்திருப்பார். மணி நாலைத் தாண்டியது. இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள், ஒரு சொல் வரவில்லை.

"இப்ப என்ன கதைக்கிறது?" என்று கடைசியில் அண்ணைதான் கேட்டார்.

"தெரியேல்லை" என்றேன்.

அவர் ரிமோட்டை எடுத்து ரிவியைப் போட்டார். ஆட்டம் முடிந்து, கோட் போட்ட இரண்டுபேர் மேசையில் இருந்து அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். யார் வென்றது என்று பார்க்கவும் விடாமல் அடுத்த அலைவரிசைக்குப் போனார். அங்கே யாரோ கேக் செய்தார். அடுத்ததில் சைக்கிள் ஓடினார்கள், அடுத்ததில் பழைய ஹொக்கி. "விடுங்கோ அண்ணை" என்றேன். அவர் விடவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு போனார். பச்சைப் புல்லும் வெள்ளைக் கோடும் தெரிந்ததும் நிறுத்தினார்.

"இது அதுதானே?"

"ஓம். மேற்குக் கரையிலை. இப்பதான் தொடங்கப்போகுது."

"எத்தினை மணிக்கு முடியும்?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. "ஆறரை, ஏழாகும்" என்றேன், மாற்றிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு.

அண்ணை சமையலறைப் பக்கம் திரும்பி, "இஞ்சேரும், இவன் இரவுக்கும் இஞ்சதான் சாப்பிடுவான்" என்றார்.

உள்ளேயிருந்து பாத்திரம் ஒன்றை வைக்கும் சத்தம்தான் முதலில் கேட்டது. நான் சப்பாத்து இருக்கும் பக்கத்தைப் பார்த்தேன். பிறகு அண்ணியின் குரல் வந்தது. "பிட்டுத்தான் அவிக்கப்போறன். அவருக்குக் காணுமோ எண்டு கேளுங்கோ."

"காணும்" என்று நானே சத்தமாகச் சொன்னேன்.

முதல் பந்து வந்தது. அடிப்பவன் மட்டையை அசைக்கவே இல்லை. அண்ணை செற்றியில் கொஞ்சம் என் பக்கமாக நகர்ந்து, "உவன் ஏன் அடிக்காமல் நிக்கிறான்? சொல்லு பாப்பம்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் கேட்ட முதல் பேஸ்போல் கேள்வி அது. நான் திரையைக் காட்டி, பந்து எந்த உயரத்துக்குள் வந்தால் அடிக்க வேண்டும், எந்த உயரத்துக்கு மேலே போனால் விடலாம் என்று விளக்கத் தொடங்கினேன். பாதியில் அடுத்த பந்து வந்து விழுந்தது. மறுபடி தொடங்கினேன். அதற்குள் மூன்றாவது பந்து.

"பொறடா, பொறடா" என்று அண்ணை ரிவியைப் பார்த்து ஏசினார். "உவன் ஏன் இவ்வளவு கெதியா எறியிறான்? மனுசரைக் கதைச்சு முடிக்க விடுறானில்லையே."